உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு வந்த பிள்ளைகள்

கண்டிக்காரர் ஒருவரிடம் முத்தையா முரளிதரனைப் பற்றியோ குமார் சங்கக்காரவைப் பற்றியோ கேட்டுப் பாருங்கள். விக்கெட் கணக்கும் ஓட்டக் கணக்கும் பிறகுதான் வரும். "அவர் கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை", "இவர் திரினிட்டிப் பிள்ளை" என்பதுதான் முதலில் வரும். ஊரை விட்டுப் போய் உலகத்தில் பேர் வாங்கியவர்கள் திரும்பி வந்தபோது இந்த மலைநகரம் அவர்களை எப்படி எதிர்கொண்டது? எந்த நேரத்தில் வரவேற்கும் வாய்ப்பு அதன் கைநழுவிப் போனது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

◆ முரளிதரனின் 500ஆவது டெஸ்ட் விக்கெட், 700ஆவது விக்கெட், உலக சாதனையான 709ஆவது விக்கெட் ஆகிய மூன்றும் விழுந்தது ஒரே மைதானத்தில். அது கண்டி அஸ்கிரிய. 2004 மார்ச் 16 அன்று அவுஸ்திரேலியாவின் மைக்கேல் காஸ்ப்ரோவிச். 2007 ஜூலை 14 அன்று பங்களாதேஷின் சையத் ரசல். உயர்ந்து வந்த பந்தைப் பிடித்தவர் பர்வீஸ் மஹ்ரூப். அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தின் போல் கொலிங்வுட். 133 டெஸ்ட் போட்டிகளில் எத்தனையோ நாடுகளைச் சுற்றி வந்த ஒருவருக்கு, பெரிய எண்களில் மூன்று, தான் படித்த பாடசாலைக்குச் சில கிலோமீட்டர் தூரத்திலேயே வாய்த்தன. திட்டம் போட்டாலும் இப்படி அமையாது.

◆ அஸ்கிரியவில் அவர் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 117. அதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை 16 போட்டிகள் மட்டுமே.

◆ அந்த டிசம்பர் 3ஆம் திகதி ஒரு திங்கட்கிழமை. போட்டி தொடங்கும்போது முரளியின் கணக்கில் இருந்தது 704. ஷேன் வோர்னின் 708ஐத் தாண்ட ஐந்து வேண்டும். நான்கை எடுத்து வோர்னோடு சமமாக நின்றார். ஐந்தாவதாகத் திரும்பிய பந்து கொலிங்வுட்டின் விக்கெட்டைச் சாய்த்தது. மைதானத்தைச் சுற்றி வெடி வெடித்தது. அப்பாவும் அம்மாவும் மனைவியும் கைக்குழந்தை மகனும் அங்கே இருந்து பார்த்தார்கள். இது முரளியின் 116ஆவது டெஸ்ட். வோர்ன் விளையாடியதைவிட 29 போட்டிகள் குறைவு.

அன்று நான் இருந்தது மைதானத்தில் இல்லை, கண்டி டவுனில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில். ஒரு சாப்பாட்டுக் கடையின் தொலைக்காட்சியைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். "கட்டுகஸ்தோட்ட, கட்டுகஸ்தோட்ட" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த பஸ் பையன் ஒருவன், விக்கெட் விழுந்த அடுத்த நிமிடம் கூவுவதை மாற்றினான். "முரளிகே கம, முரளிகே கம" என்றான் சிங்களத்தில். முரளியின் ஊர், முரளியின் ஊர். ஏறியவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். முன்சீட்டில் இருந்த தோட்டத்து அம்மா ஒருவர் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த அழுகை புரிந்தது.

◆ அது ஏன் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லி வைக்க வேண்டும். முரளியின் தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தமிழ்நாட்டிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் திருச்சிக்கே திரும்பிப் போனார். மகன்கள் இங்கேயே தங்கினார்கள். அவர்களில் ஒருவரான முத்தையா கண்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில் அந்தத் தொழிற்சாலைக்குத் தீ வைத்தார்கள். முத்தையாவை வெட்டிக் காயப்படுத்தினார்கள். முரளிக்கு அப்போது வயது 5.

அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போகவில்லை. தொழிற்சாலையை மீண்டும் கட்டினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே அப்பா, அதே ஊரில், மூன்று மொழி பேசும் கூட்டம் தன் மகனின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலையகத் தமிழரில் பல்லாயிரம் பேர் குடியுரிமைக்காகவே 1948 முதல் 2003 வரை காத்திருந்த நாடு இது. லயத்து வீட்டு ரேடியோவில் கேட்ட அந்த ஆரவாரம், எங்களைப் பொறுத்தவரை, ஒரு பந்துவீச்சாளருக்கு மட்டும் கிடைத்த ஆரவாரமாக இருக்கவில்லை.

◆ அந்த உலக சாதனைக்காக இலங்கை அஞ்சல் திணைக்களம் வெளியிட்ட முத்திரை வட்டமானது! கிரிக்கெட் பந்தின் வடிவம். விலை ஐந்து ரூபாய். சாதனை நடந்த அன்றைய திகதியிலேயே வெளியானது. சதுர முத்திரைகளுக்கு நடுவே அதை ஆல்பத்தில் வைத்துப் பாருங்கள், வேறெதுவும் கண்ணில் படாது.

◆ 2008 ஜனவரி 10 அன்று இலங்கை நாடாளுமன்றம் முரளிதரனைப் பாராட்டியது. விளையாட்டு வீரர் ஒருவருக்கு அந்தச் சபையில் நடந்த முதல் பாராட்டு அதுதான்.

◆ அஸ்கிரியவின் சொந்தக்காரர் யார்? அரசும் இல்லை, கிரிக்கெட் சபையும் இல்லை. அது திரினிட்டிக் கல்லூரியின் மைதானம். அதிபர் ஏ. ஜி. ஃபிரேசரின் காலத்தில் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திப் பிள்ளைகள் விளையாட உண்டாக்கியது. பாடசாலை ஒன்றுக்குச் சொந்தமான மைதானத்தில் டெஸ்ட் போட்டி நடப்பது உலகத்தில் அபூர்வம். இங்கே முதல் டெஸ்ட் 1983 ஏப்ரல் 22 அன்று தொடங்கியது. இலங்கையும் அவுஸ்திரேலியாவும் டெஸ்ட் கிரிக்கெட்டில் மோதிய முதல் போட்டியும் அதுவே.

◆ ஒரே இனிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுக்கும் வாய்ப்பு முரளிக்கு அஸ்கிரியவிலேயே வந்தது. 2002 ஜனவரி, எதிரணி சிம்பாப்வே. ஒன்பது பேர் முரளியிடம் விழுந்தாயிற்று. மிச்சம் ஒருவர்தான். ஷோர்ட் லெக்கில் நின்ற ரசல் ஆர்னல்டின் கைக்கு ஒரு பிடி வந்தது. அது தவறி விழுந்தது. மறுமுனையிலிருந்து வீசிய சமிந்த வாஸின் பந்து ஹென்றி ஒலொங்காவின் மட்டையில் பட்டுப் பின்னால் போனபோது இலங்கை வீரர்கள் முழுத்தொண்டையில் முறையீடு செய்யவில்லை, குரல் பாதியிலேயே அடங்கிவிட்டது. நடுவர் கையை உயர்த்திவிட்டார். முரளியின் பந்துவீச்சு 51க்கு 9 என்று முடிந்தது. தன் அணிக்கு விக்கெட் கிடைத்ததே என்று ஒரு ஊர் வருத்தப்பட்ட நாள் வேறு எங்காவது உண்டா?

◆ இலங்கையில் ஒரு வீரரை அவர் விளையாடிய கழகத்தின் பெயரால் அடையாளம் சொல்பவர்கள் குறைவு. படித்த பாடசாலைதான் அவருடைய முகவரி. தேசிய அணியில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் விளையாடி முடித்தவரைக்கூடப் பத்திரிகைகள் இன்னமும் "இன்ன கல்லூரியின் பழைய மாணவர்" என்றே எழுதும். முரளி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர். முதலில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளர். 14 வயதில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு யோசனைக்குக் கிடைத்த விளைச்சல் 800 டெஸ்ட் விக்கெட், 534 ஒருநாள் விக்கெட்.

◆ ஆகவே ஊருக்கு வரும் வீரருக்கு முதல் வரவேற்பு பாடசாலை வாசலில்தான். கண்டிப் பாடசாலை ஒன்றில் அந்தக் காட்சியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையிலிருந்தே வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள். முன்னால் கண்டிய நடனக்காரர்கள், அவர்களோடு கெட்ட பெர மேளம். பின்னால் பாடசாலையின் மேலைத்தேய வாத்தியக் குழு. கார் நின்றதும் ஆகச் சின்ன வகுப்புப் பையன் ஒருவனை முன்னே தள்ளிவிடுவார்கள். அவன் இரண்டு கையாலும் வெற்றிலைக் கட்டை நீட்டுவான். அதை வாங்கக் குனிகிறார் வீரர். தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த முகம் தன் முகத்துக்கு நேரே வந்ததும் பையனுக்கு வாய் அடைத்துப்போகும். பாடமாக்கி வந்த இரண்டு வரி வாழ்த்து மறந்துபோகும். யாரும் அவனைக் கண்டிப்பதில்லை. பிறகு குத்துவிளக்கு, பேச்சு, நினைவுச்சின்னம் எல்லாம் நடக்கும். என் மனதில் நிற்பது அந்த வெற்றிலைக் கட்டுத்தான்.

◆ மைதானத்து வரவேற்புக்கு வேறு வாத்தியம். அதன் பெயர் பப்பரே. இரண்டு மூன்று ட்ரம்பெட், ஒரு பெரிய ட்ரம், ஒரு சின்ன ட்ரம், ஒரு சிம்பல். பழைய பைலாப் பாட்டுகளை வேகம் கூட்டி ஊதுவார்கள். பாடசாலைகளின் பிக் மேட்சில் பிறந்து வளர்ந்த கூத்து இது. கண்டியில் தர்மராஜவும் கிங்ஸ்வுட்டும் மோதும் கிரிக்கெட் போட்டி 1893இல் தொடங்கியது. அங்கே தலை நரைத்த பழைய மாணவர்கள் கொடியும் கையுமாக ஆடுவதைப் பார்த்தால், ஊருக்குத் திரும்பி வருவது நட்சத்திர வீரர்கள் மட்டுமில்லை என்பது விளங்கும்.

◆ இனி ஒரு மனக்குறை. முரளி டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு விடைகொடுத்தது காலியில். 2010 ஜூலை 22, எதிரணி இந்தியா, கடைசி விக்கெட் பிரக்ஞான் ஓஜா, பிடியெடுத்தவர் மஹேல ஜயவர்தன, எண் 800. சொந்த நாட்டில் அவர் வீசிய கடைசிப் பந்து கொழும்பில். 2011 மார்ச் 29, உலகக் கிண்ண அரையிறுதி. அந்தப் பந்திலும் நியூசிலாந்தின் ஸ்கொட் ஸ்டைரிஸ் எல்.பி.டபிள்யூ! காலியும் கொழும்பும் அவரைத் தோளில் தூக்கின, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கண்டிக்கு ஒரு பிரியாவிடை கிடைக்கவில்லை. 2007 டிசம்பரில் அஸ்கிரியவில் நடந்த அந்தச் சாதனைப் போட்டிதான் அந்த மைதானத்தின் கடைசி டெஸ்ட் என்பது அன்று கைதட்டிய யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தட்டியிருப்போம்.

◆ கண்டியின் புதிய மைதானம் பல்லேகல. 2009 நவம்பரில் திறந்தார்கள். 2010 ஜூலையில், முரளி ஓய்வு பெற்ற அதே காலத்தில், மைதானத்துக்கு முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்டும் யோசனை மத்திய மாகாண சபையில் எழுந்தது. இன்றும் அங்கே நடக்கும் போட்டிகளில் எழுதப்படும் பெயர் பல்லேகல சர்வதேச கிரிக்கெட் மைதானம் என்பதுதான். அங்கே முதல் டெஸ்ட் நடந்தது 2010 டிசம்பரில். அதாவது, தன் பெயரைத் தாங்க இருந்த மைதானத்தில் முரளி ஒரு டெஸ்ட் பந்துகூட வீசவில்லை. 2011 மார்ச் 10 அன்று சிம்பாப்வேக்கு எதிரான உலகக் கிண்ணப் போட்டியில் அங்கே அவர் விளையாடினார். கண்டி அவரை இலங்கைச் சீருடையில் பார்த்த கடைசி நாள் அது. திலகரத்ன டில்ஷான் 144 ஓட்டங்கள் அடித்து, 4 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டும் எடுத்ததால் மறுநாள் பத்திரிகைகள் அவர் பக்கம் போய்விட்டன.

பெயர்ப்பலகை ஒன்றை மாற்றுவது இவ்வளவு பெரிய வேலையா? தாத்தா தோட்டத்துக் கூலியாக வந்த குடும்பத்துப் பெயர் ஒன்று பல்லேகல வாசலில் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்த யோசனையை மறுபடி கையில் எடுக்க மாகாணத்தில் யாராவது முன்வர வேண்டும்.

◆ சங்கக்காரவின் கதையிலும் அந்தப் பிரியாவிடைக் குறை உண்டு. மாத்தளையில் பிறந்து கண்டியில் வளர்ந்தவர். திரினிட்டியில் சகல துறையிலும் சிறந்த மாணவருக்குக் கொடுக்கும் ரைட் தங்கப் பதக்கத்தை 1996இல் வாங்கியவர். ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்த 2015இல் பாகிஸ்தான் அணி மூன்று டெஸ்ட் விளையாட வந்தது. மூன்றாவது பல்லேகலவில். ஆனால் அவர் முன்பே ஒப்புக்கொண்டது முதல் இரண்டு போட்டிகளுக்குத்தான். அதனால் பல்லேகலவில் அவர் இல்லை. ஆகஸ்டில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக அவருடைய கடைசி டெஸ்ட். 134 போட்டி, 12,400 ஓட்டம், 38 சதம். களமிறங்கியபோது இந்திய வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று மரியாதை செய்தார்கள்.

◆ முரளி 709ஐத் தொட்ட அஸ்கிரிய டெஸ்டில் சங்கக்கார அடித்தது 92, 152. தான் விளையாடிய நான்கு டெஸ்ட் போட்டிகளில் அடுத்தடுத்து 150ஐத் தாண்டிய முதல் வீரர் என்ற பெருமை அன்று அவருக்கு வந்தது. கட்டுகஸ்தோட்டையும் திரினிட்டியும் பள்ளிக்கூட நாள் முதல் பரம எதிரிகள். அந்த ஒரு போட்டியில் இரண்டு பக்கத்துப் பழைய மாணவர்களுக்கும் பேசுவதற்கு நிறைய இருந்தது.

◆ 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்செயலின்போது, கண்டி வாவியைப் பார்த்திருக்கும் ஒரு வீட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஒளிந்திருந்தார்கள். அது சங்கக்காரவின் வீடு. மறைத்து வைத்தவர் அவருடைய அப்பா, வழக்கறிஞர் க்ஷேம சங்கக்கார. குமாருக்கு அப்போது ஆறு வயதும் நிரம்பவில்லை. வீடு நிறைய விளையாட ஆள் கிடைத்த சந்தோஷத்தில், ஒவ்வொரு வருஷமும் இப்படி நடக்குமா என்று அப்பாவிடம் கேட்டாராம். 2011 ஜூலையில் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய கௌட்ரி நினைவுரையில் இதை அவரே சொன்னார். கண்டித் தமிழர்கள் சங்கக்காரவை வெளியாராகப் பார்க்காததற்கு அவருடைய கவர் டிரைவ் மட்டும் காரணமில்லை.

◆ கிண்ணம் எதுவும் இல்லாமல் வந்து இறங்கியும் நாடே ஓடிப்போய் எதிர்கொண்ட வரவேற்பு ஒன்று உண்டு. 2009 மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணி சென்ற பஸ்ஸைத் துப்பாக்கிதாரிகள் தாக்கினார்கள். சங்கக்காரவின் தோளில் சிதறல் பாய்ந்தது. திலான் சமரவீரவுக்குத் தொடையில் பலத்த காயம். முரளியும் அதே பஸ்ஸில் இருந்தார். மறுநாள் அதிகாலை கட்டுநாயக்கவில் அணி இறங்கியபோது காத்திருந்த மனைவியரும் பெற்றோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். உயிரோடு வந்ததே போதும் என்றிருந்த வரவேற்பு அது.

◆ டெஸ்ட் போட்டிகளில் அவுஸ்திரேலியாவை இலங்கை முதன்முதலாக வென்றதும் கண்டியில், இரண்டாவதாக வென்றதும் கண்டியில்! முதலாவது 1999 செப்டெம்பர், அஸ்கிரிய. இரண்டாவது 2016 ஜூலை, பல்லேகல. நடுவே 17 ஆண்டுகள்.

◆ அந்த இரண்டு வெற்றியின்போதும் முரளி மைதானத்தில் இருந்தார். 1999இல் இலங்கைக்காகப் பந்து வீசினார். 2016இல் இருந்தது அவுஸ்திரேலிய அணியின் சுழற்பந்து ஆலோசகராக. சொந்த ஊரில் எதிரணியின் பயிற்சிச் சட்டையில் அவரைப் பார்த்தபோது பலருக்கும் முகம் சுருங்கியது உண்மை. போட்டிக்கு முன்பே சர்ச்சை கிளம்பி, பத்திரிகைகளில் இரண்டு பக்கமும் காரமாகப் பேச்சு நடந்தது. முதல் இனிங்ஸில் 117க்குச் சுருண்ட இலங்கை, குசல் மெண்டிஸின் 176ஆல் நிமிர்ந்து, 106 ஓட்டங்களால் வென்றது. ரங்கன ஹேரத்தும் அறிமுக வீரர் லக்ஷான் சந்தகனும் சுழற்பந்தாலேயே கதையை முடித்தார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஒருவர் தனக்குத் தெரிந்த வித்தையைக் கேட்டவர்க்குக் கற்றுக்கொடுப்பது துரோகமாகாது. இந்த இரு நாடுகளும் மோதும் தொடருக்குப் பெயரே வோர்ன்–முரளிதரன் கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டவர் எந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்த ஊர்க்காரர்தான். அன்று அவருக்குக் கைதட்ட யோசித்தவர்களில் பலர் இன்று அதை நினைத்து வருத்தப்படுகிறார்கள்.

◆ எதிரணியின் ஆளாகப் பழைய இடத்துக்கு வருபவருக்கென்று கால்பந்து உலகத்தில் ஒரு மரபே இருக்கிறது. பழைய அணிக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாடக் கூடாது. 2013 மார்ச் 5 அன்று ரியல் மாட்ரிட் சட்டையில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிரஃபோர்டுக்கு வந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ கோல் அடித்தார். கொண்டாடவில்லை, கையை மட்டும் உயர்த்தினார். 2000 நவம்பரில் ரோமா அணிக்காகத் தன் பழைய ஃபியோரென்டினாவுக்கு எதிராகக் கோல் அடித்த பாட்டிஸ்டுட்டா மைதானத்திலேயே கண் கலங்கினார். ஒன்பது பருவம் விளையாடிய அணி ஆயிற்றே.

◆ முரளிக்கு இன்னொரு ஊரும் உண்டு, மாப்பிள்ளை முறையில்! 2005 மார்ச்சில் அவர் கைப்பிடித்த மதிமலர் சென்னைப் பெண். மூன்று ஆண்டு கழித்து ஐ.பி.எல். தொடங்கியபோது சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை எடுத்தது. 2010இல் கிண்ணம் வென்ற அணியிலும் இருந்தார். பின்னாளில் ஹைதராபாத் அணியின் பயிற்றுவிப்பாளராகச் சேப்பாக்கத்துக்கு வந்தபோதும் அந்த ஊர் அவரை அந்நியராக நினைக்கவில்லை.

◆ அதே சென்னையில் அண்மையில் நடந்த ஓர் அழகான வீடு திரும்பல்: ரவிச்சந்திரன் அஸ்வின். 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்தார், 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு. மறுநாளே மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் இருந்தார். மைதானம் இல்லை, மேடை இல்லை. தெருவில் பேண்ட் வாத்தியம், பூ, மாலை, வாசலில் அப்பாவும் அம்மாவும். இன்னொன்று: சங்கக்காரவை அவருடைய கடைசி நான்கு டெஸ்ட் இனிங்ஸிலும் ஆட்டமிழக்கச் செய்தவர் இதே அஸ்வின்தான்.

◆ கண்டியில் கிரிக்கெட்டுக்குச் சமமான காதல் ரக்பிக்கு உண்டு. சில வீடுகளில் அதைவிட அதிகம். நாட்டில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் ரக்பிப் போட்டி 1906இல் கண்டியில், திரினிட்டிக்கும் கிங்ஸ்வுட்டுக்கும் இடையே. திரினிட்டியும் கொழும்பு ரோயல் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயம் 1945இல் தொடங்கியது. ஒரு போட்டி கொழும்பில், ஒரு போட்டி கண்டியில். கண்டிப் போட்டி நடக்கும் வார இறுதியில் நகரத்தில் விடுதி அறை கிடைப்பது பெரும்பாடு. வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த பழைய மாணவர்கள்கூட விடுமுறையை அந்தத் திகதிக்கு வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருகாலத்தில் அதே கேடயத்துக்காக விளையாடியவர் இன்று வழுக்கைத் தலையோடு வேலி ஓரத்தில் நிற்கிறார். பக்கத்தில் நிற்பவர் தன் மகனிடம், "மகன், அந்த அங்கிள்தான் அந்த வருஷத்துக் கேப்டன்" என்று காட்டுகிறார். அந்த அங்கிளுக்கு அது போதும்.

◆ நித்தவெலவைத் தாயகமாகக் கொண்ட கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தொடங்கியது. அந்தக் கழகத்தின் தலைவராகவும் நாட்டு ரக்பி அணியின் தலைவராகவும் இருந்த பாசில் மரிஜா, கண்டி கிங்ஸ்வுட் கல்லூரியின் பிள்ளை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியை ஒரு பக்கம் பார்க்கவைத்து மறுபக்கம் கொடுப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று நித்தவெலக் கூட்டம் இன்றும் சொல்லும். ஓய்வுக்குப் பிறகு அதே கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராகத் திரும்பினார்.

◆ இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த டங்கன் வைட்டும் திரினிட்டியில் படித்தவர்தான். 1948 லண்டன், 400 மீட்டர் தடை ஓட்டம், 51.8 விநாடி, வெள்ளி. அடுத்த பதக்கத்துக்கு நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது. விளையாட்டில் மிகச் சிறந்தவர்களுக்குத் திரினிட்டி கொடுக்கும் விருதின் பெயர் 'சிங்கம்'. அங்கே ஒருவரை "அவர் ஒரு லயன்" என்று அறிமுகம் செய்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

◆ ரசிகர்கள் வீரர்களை வரவேற்பதுதான் வழக்கம். 2023 செப்டெம்பரில் அது தலைகீழாக நடந்தது. 1979 உலகக் கிண்ணம் முதல் தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானம் மைதானமாகப் போன பேர்சி அபேசேகர முதுமையால் வீட்டோடு இருந்தார். ஆசியக் கிண்ணத்துக்கு வந்த இந்திய அணித் தலைவர் ரோஹித் சர்மா அவருடைய வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அடுத்த மாதம் பேர்சி மாமா காலமானார்.

◆ அஸ்கிரியவில் இப்போது சர்வதேசப் போட்டி இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். போன முறை நான் போனபோது பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான போட்டி. பார்க்க வந்தவர்கள் பெற்றோர் கொஞ்சப் பேர், வாசலில் உப்பு மிளகாய்த்தூள் தூவி அன்னாசி விற்கும் ஒருவர், அவ்வளவுதான். சுழற்பந்து வீச ஒரு மெலிந்த பையன் வந்தான். கொலிங்வுட்டுக்கு வீசியது எந்தப் பக்கத்திலிருந்து என்று அன்னாசிக்காரரிடம் கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார், கையைத் துணியில் துடைத்தார், எழுந்து நின்று காட்டினார்.